அடைகாக்க ஆள் உண்டா?



நமது கல்லூரி விழாக்களுக்கு வருகின்ற சிறப்பு விருந்தினர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "வேலை தேடுபவர்களாக இருக்காதீர்கள், வேலை கொடுப்பவர்களாக மாறுங்கள்" என்பதே அது. நாமும் கை தட்டுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போகிறோம். ஆனால், வேலை கொடுப்பவனாக மாறப் போகிறவனுக்கு முதல் மாத ஷெட் வாடகையை யார் கொடுப்பது, முதல் ஆர்டரை யார் தருவது, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்பதை எந்த விருந்தினரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுந்து நின்று கேட்கவும் நமக்குக் கூச்சம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா வீட்டிலேயே தையல். நம்மில் பலருடைய வீடும் இப்படித்தான் இருக்கும். படித்த குடும்பத்துப் பையனுக்குத் தொழில் தொடங்க ஆசை வந்தால், சித்தப்பா ஆடிட்டராக இருப்பார், பெரியப்பா பேங்கில் இருப்பார், அத்தை வீட்டுக்காரர் ஏதாவது கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருப்பார். ஒரு போன் போதும், பாதி வேலை முடிந்துவிடும். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு உலகம் கண்டுபிடித்த ஒரு பதில்தான் 'இன்குபேட்டர்'. தமிழில் அடைகாப்பு மையம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், சொந்தக்காரன் இல்லாதவனுக்கு ஊர் சேர்ந்து ஏற்பாடு செய்து தருகிற சொந்தம் என்பேன்.

அந்தப் பெயர் வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் பட்டேவியா என்று ஒரு சின்ன ஊர். மாஸி ஹாரிஸ் என்ற விவசாயக் கருவிக் கம்பெனிக்கு அங்கே பெரிய ஆலை இருந்தது. 1956இல் அதை மூடிவிட்டார்கள். ஊரே வேலையில்லாமல் தவித்தது. 1959இல் மான்குசோ என்ற உள்ளூர் வியாபாரக் குடும்பம் அந்தக் காலிக் கட்டடத்தை வாங்கியது. மொத்தத்தையும் ஒரே பெரிய கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம் என்று ஜோசப் மான்குசோ அலைந்து பார்த்தார். ஒருவரும் வரவில்லை. சரி, ஒரு யானை வராவிட்டால் நூறு ஆடு கட்டலாம் என்று, கட்டடத்தைத் துண்டு துண்டாகத் தடுத்துச் சின்னச் சின்னத் தொழில் செய்பவர்களுக்கு விட்டார். டைப் அடிக்க, போன் பேச, கணக்கு எழுத எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆபீஸ். பேங்கில் கடன் கேட்கப் போகிறவனுக்குக் கூடவே நின்று பேச்சுத் துணை. அப்படி இடம் பிடித்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழில் செய்தவர். கட்டடம் முழுக்கக் கோழிக்குஞ்சுச் சத்தம். "நாங்கள் இங்கே தொழில்களை அடைகாக்கிறோம்" என்று மான்குசோ வேடிக்கையாகச் சொல்லப்போக, அந்தப் பெயரே உலகம் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

நாம் இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அங்கே கொடுக்கப்பட்டதில் பணம் மிகவும் கொஞ்சம் என்பதே. இடம், பொது ஆபீஸ், ஆலோசனை, பேங்குக்குக் கூட வரும் ஓர் ஆள், பக்கத்துத் தடுப்பில் நம்மைப் போலவே கஷ்டப்படும் இன்னொருவன். இவ்வளவுதான் மூலதனம்.

இந்தியாவில் இந்த யோசனை நம் பக்கத்திலேயே முதலில் வேர் பிடித்தது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டீர்கள். 1986இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் 'டிரெக் ஸ்டெப்' என்ற தொழில்முனைவோர் பூங்கா தொடங்கப்பட்டது. நாட்டிலேயே மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. திருச்சியைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணமும் இருந்தது. பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை 1965 முதல் அங்கே இயங்குகிறது. அதைச் சுற்றி வெல்டிங், ஃபேப்ரிகேஷன் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அந்தப் பட்டறை முதலாளிகளில் பலர் நம்மைப்போல டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ படித்தவர்கள்தான். ஆக, முதல் ஆர்டர் கொடுக்கப் பெரிய ஆலை, பக்கத்திலேயே கல்லூரி, நடுவில் கைகொடுக்க ஒரு பூங்கா.

(இதற்கு மறுபக்கமும் உண்டு. பெல் ஆலைக்கு ஆர்டர் குறைந்தபோது அதை மட்டுமே நம்பியிருந்த பட்டறைகள் படாத பாடு பட்டன. ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்வது ஒற்றைக்காலில் நிற்பது போல.)

நம் புதுவைக்கு வருவோம்.

நமது ஊருக்கும் பட்டேவியாவுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நம்முடையது பஞ்சாலை ஊர். ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை 1898இல் வந்தது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் உயிர்நீத்ததும், அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானதும் நாம் அறிந்ததே. அந்த ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. பஸ்ஸில் கடலூர் ரோட்டில் போகும்போதெல்லாம் அந்த நீளமான மதில் சுவரைப் பார்க்கிறோம். பட்டேவியாவில் அதேபோன்ற ஒரு மதிலுக்குள் என்ன நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். நம் ஆலை நிலத்தை என்ன செய்வது என்பது பெரியவர்கள் முடிவு செய்யும் விஷயம், அதில் நான் தலையிட வரவில்லை. ஒரு மூலையில் நாற்பது தடுப்பு கட்டினால் போதும் என்று தோன்றுவதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மில்லுக்கும் இன்றைக்கும் நடுவில் இன்னொரு காலம் இருந்தது. அதுதான் சலுகைக் காலம். 1980களிலும் 90களிலும் புதுச்சேரியில் ஆலை தொடங்கினால் விற்பனை வரிச் சலுகை, மானியம் என்று பல வசதிகள் கிடைத்தன. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் பக்கமெல்லாம் தொழிற்பேட்டைகள் நிறைந்தன. பாம்பே, சென்னைக் கம்பெனிகள் நிறைய வந்தன. நம்மவர்களுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் சலுகைக்காக வந்தவர்களில் பலர் சலுகை முடிந்ததும் மூட்டை கட்டினார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு, வரி வித்தியாசத்தைக் காட்டி ஒரு கம்பெனியை இங்கே இழுப்பது மேலும் கஷ்டமாகிவிட்டது. வந்த கம்பெனி போகலாம். இங்கேயே பிறந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே ரேஷன் கார்டு வைத்திருக்கிறவன் தொடங்கும் பட்டறை அவ்வளவு சுலபமாக வேறு ஊருக்கு நகராது. அரசாங்கத்துக்கும் ஊருக்கும் சின்ன ஆட்கள் மேல் அக்கறை வரவேண்டிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த கம்பெனிக்கு உதாரணம் கேட்டால் ஹைடிசைன் தோல் பைகளைச் சொல்லலாம். 1978இல் திலிப் கபூர் புதுச்சேரியில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கியது அது. இன்றைக்குப் பெரிய பெரிய ஊர்களில் கடைகள். ஆனால் நாம் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். இந்தியாவில் கடை விரிக்கும் முன்பே வெளிநாட்டுக் கடைகளுக்குப் பை விற்றவர். வெளியுலகப் பழக்கம் அவருக்கு இருந்தது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதையும் அப்படித்தான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொடங்கினார் என்று பாடத்தில் படிக்கிறோம். அந்த ஒரு பஸ்ஸை வாங்க ஸ்டேன்ஸ் துரை உதவினார் என்ற வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். நாயுடு அதை மறக்கவில்லை போலிருக்கிறது. பின்னாளில் அவரே நம் போன்ற பையன்களுக்காக ஒரு பாலிடெக்னிக் தொடங்க முன்னின்றார். திறமையும் உழைப்பும் அவர்களுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் பின்னால் ஒரு கை இருக்கிறது.

அந்தக் கை இல்லாதபோது என்ன நடக்கும்? அதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லேத் பட்டறையில் சேர்ந்தவர். டிராயிங்கை ஒருமுறை பார்த்தால் போதும். நாம் வெர்னியரை வைத்துக்கொண்டு தடுமாறுகிற அளவை அவர் கை விரலால் தடவியே சொல்லிவிடுவார். பதினைந்து வருஷம் மற்றவர்களிடம் வேலை பார்த்துவிட்டு, அத்தையின் நகையை வைத்து ஒரு செகண்ட் ஹேண்ட் லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வாங்கினார். வாடகைக்கு ஒரு தகர ஷெட். ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் என்று ஜாப் வொர்க். ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் போனோம். 'புரொப்ரைட்டர்' என்று அவர் பெயரைப் போர்டில் பார்த்தபோது பாட்டி அழுதுவிட்டார்.

பதினான்கு மாதம்தான். வேலை இல்லாமல் மூடவில்லை. வேலை நிறைய இருந்தது. ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) தொடர்ந்து ஆர்டர் கொடுத்தது. மெட்டீரியலும் மாமாவுடையதே. இரும்புக் கடையில் கடன் சொல்லி வாங்கி, ராத்திரி பகலாகச் செய்து அனுப்பினார். பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. பணம் கேட்டுப் போனால், "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு", "எம்.டி. ஊரில் இல்லை", "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க." வெள்ளிக்கிழமைகள் ஐந்து மாதம் ஓடின. நடுவில் இரும்புக் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். பேங்கில் கேட்டால் வீட்டுப் பத்திரம் இருக்கா என்றார்கள். எங்களுக்கு ஏது பத்திரம், நாங்களே புறம்போக்கில் இருக்கிறோம். கடைசியில் வட்டிக்கு வாங்கி இரும்புக் கடன் அடைத்தார். பிறகு அந்த வட்டியை அடைக்க லேத்தை விற்றார். அடிமாட்டு விலை. இன்றைக்கு ஷிஃப்ட் ஆபரேட்டர். கேட்டால் சிரித்துக்கொண்டே, "மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருதுடா, அது போதும்" என்கிறார்.

இரண்டாம் ஆண்டில்தான் ஒரு சட்டத்தைப் பற்றிப் படித்தேன். படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சிறு தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம், 2006 என்று பெயர். அதில் இப்படி இருக்கிறது. குறு, சிறு நிறுவனம் ஒன்று சரக்கோ வேலையோ செய்து கொடுத்தால், வாங்கியவர் எழுத்துபூர்வமாகப் பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே எழுதவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் புகார் செய்ய ஒவ்வொரு மாநிலத்திலும் யூனியன் பிரதேசத்திலும் ஒரு கவுன்சில். தொழில்துறை இயக்குநர் அந்தஸ்தில் உள்ளவர் அதற்குத் தலைவர். 2017 முதல் 'சமாதான்' என்ற முறையில் கம்ப்யூட்டர் வழியாகவே புகார் கொடுக்க வழி செய்தார்கள். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். போதாததற்கு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் கொடுக்காத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும் வருஷம் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது நமக்குத் தராத பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டும்!

இவ்வளவு பலமான சட்டம் இருந்தும் மாமாவுக்கு உதவவில்லை. ஏனென்றால் அவர் பட்டறை எங்கேயும் பதிவு செய்யப்படவில்லை. 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' பதிவு என்று ஒன்று வந்தது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். அரசாங்க இணையதளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. (அதே மாதிரி தோற்றத்தில் தளம் நடத்தி இரண்டாயிரம், மூவாயிரம் கறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.) ஆனால் சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குச் சட்டம் துணைக்கு வராது. பத்து நிமிஷ வேலை. அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஆடிட்டர் சித்தப்பா இருந்திருந்தால் போர்டு மாட்டிய அன்றைக்கே சொல்லியிருப்பார்.

நான் இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. "கேஸ் குடுத்தா அடுத்த ஆர்டர் எவன் தருவான்?" நியாயமான கேள்வி. தனி ஆள் புகார் கொடுத்தால் பகை. இருபது பட்டறைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, சங்கத்தின் லெட்டர்பேடில் "ஐயா, 45 நாள் ஆகிவிட்டது" என்று எழுதினால் அது வெறும் நினைவூட்டல். தொழிலுக்குச் சமூகம் வேண்டும் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

இனி பேங்க் விஷயம். சொத்து ஜாமீன் இல்லாமல் கடனே கிடையாது என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். குறு, சிறு தொழில்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே வங்கிகளுக்குச் சொல்லியாயிற்று. கடன் வாராக் கடனானால் பேங்குக்கு ஈடு செய்ய 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து ஓர் உத்தரவாத நிதியை ஏற்படுத்தின. 2015 ஏப்ரலில் முத்ரா திட்டம் வந்தது. அதில் 'சிசு' என்ற முதல் படி ரூ.50,000 வரை. இதெல்லாம் காகிதத்தில். கவுண்டரில் நிற்கும்போது "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பார்கள். அப்போது அந்த 2010 உத்தரவைத் தெரிந்த ஒருவர் நம் பக்கத்தில் நின்றால் பேச்சின் சுருதியே மாறிவிடும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் என்று 2008இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது. மானியம் என்றதும் பலர் கையில் பணம் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2022 திருத்தத்தின்படி உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரையிலும் திட்ட மதிப்பு இருக்கலாம். நம் வகுப்புத் தோழி ஒருத்தி நகரப் பகுதியில் ரூ.5 லட்சத்தில் கண்ட்ரோல் பேனல் வயரிங் யூனிட் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பணம் 5 சதவீதம், ரூ.25,000. மீதி ரூ.4,75,000 பேங்க் கடன். மானியம் 25 சதவீதம், ரூ.1,25,000. (கிராமப் பகுதியானால் 35 சதவீதம்.) இந்த ரூ.1,25,000 அவள் கைக்கு வராது. அவள் பெயரில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகை அளவுக்குக் கடனுக்கு வட்டி இல்லை. மூன்று வருஷம் யூனிட் ஒழுங்காக ஓடினால் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் மானியமும் போச்சு, கடனும் நிற்கும். ஆக, மானியம் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவருக்குத்தான். அந்த மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க வைப்பது யார் என்பதுதான் மறுபடியும் நம் கேள்வி. திட்டங்களின் தொகையும் காலக்கெடுவும் அவ்வப்போது மாறும் என்பதால், தட்டாஞ்சாவடியில் உள்ள தொழில் வணிகத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொழிற்பேட்டையில் இடம், ஷெட் பற்றிக் கேட்க ரொமேன் ரோலண்ட் வீதியில் பிப்டிக் அலுவலகம் இருக்கிறது.

'ஸ்டார்ட்அப்' என்ற வார்த்தையைப் பற்றியும் இரண்டு வரி. 2016 ஜனவரி 16 அன்று 'ஸ்டார்ட்அப் இந்தியா' தொடங்கிய பிறகு அந்த வார்த்தை டீக்கடை வரை வந்துவிட்டது. அரசாங்கக் கணக்கில் எல்லாப் புதுத் தொழிலும் ஸ்டார்ட்அப் ஆகாது. கம்பெனியாகவோ கூட்டாண்மையாகவோ பதிந்திருக்க வேண்டும், புதுமையோ வளர்ந்து பெருகும் தன்மையோ இருக்க வேண்டும். மாமாவின் லேத் பட்டறை ஸ்டார்ட்அப் ஆகாது. ஆனால் அதே பட்டறையில் நம் ஊர்க் கட்டுமரக்காரர்களுக்காகப் புதுவிதமான வலை இழுக்கும் மெஷின் ஒன்றைச் செய்தால் ஆகலாம். அப்படிப்பட்ட யோசனை உள்ளவர்களுக்காகப் பிள்ளைச்சாவடியில், இன்றைய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் அடல் இன்குபேஷன் மையம் செயல்படுகிறது. அடல் புத்தாக்க இயக்கம் இப்படித் தேர்ந்தெடுக்கும் மையங்களுக்கு ஐந்து வருஷத்தில் ரூ.10 கோடி வரை உதவி என்று வகுத்தது. 2021இல் வந்த விதைநிதித் திட்டத்தில், இன்குபேட்டர் வழியாக மாதிரி செய்து பார்க்க ரூ.20 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். அதன் தகுதிப் பட்டியலில் பட்டப்படிப்பு என்று ஒரு வரி கூட இல்லை. "அது பி.இ. பசங்களுக்குடா, நாம டிப்ளமாதானே" என்று நம்மை நாமே வெளியே நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஸ்டார்ட்அப் விழா என்றால் பேனர், மேடை, கூலிங் ஹால், ஐந்து நிமிஷத்தில் இங்கிலீஷில் உன் யோசனையைச் சொல் என்கிற போட்டி. தமிழ் மீடியத்தில் படித்துவந்த பையன் அந்த ஐந்து நிமிஷத்தில் வியர்த்து இறங்கிவிடுகிறான். அவன் செய்த மெஷின் மேடைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஜெயித்தவனுக்குப் பெரிய அட்டையில் செக். தோற்றவனிடம் மறுநாள் யாரும் பேசுவதில்லை. அந்த அட்டைச் செலவில் நாலு பேருக்கு உத்யம் பதிந்து கொடுக்கலாம்.

சரி, மாணவர் சங்கமாக நாம் என்ன செய்ய முடியும்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், மூத்தவர்கள் திருத்துங்கள்.

நமது ஒர்க்‌ஷாப்பில் சாயங்காலம் நாலரைக்கு மேல் லேத்தும் மில்லிங் மெஷினும் சும்மா நிற்கின்றன. பாஸ் அவுட் ஆகி இரண்டு வருஷத்துக்குள் இருக்கும் பழைய மாணவர்கள் ஒரு மாதிரி செய்து பார்க்க, ஆசிரியர் மேற்பார்வையில், வாரம் ஒருநாள் அனுமதி கேட்கலாம். கரண்ட், டூல் பிட் செலவை அவர்களே தரட்டும். சொந்த மெஷின் வாங்கும் முன்பே தன் பொருள் விலை போகுமா என்று தெரிந்துவிட்டால், அத்தையின் நகை பெட்டியிலேயே இருக்கும்.

அடுத்தது நம் ஃபைனல் இயர் புராஜெக்ட். உள்ளதைச் சொல்வோம், பாதிப் பேர் சென்னையில் ரெடிமேடாக வாங்கிப் பெயிண்ட் அடித்து வைக்கிறோம். வைவா முடிந்ததும் அது ஸ்டோர் ரூமில் துருப்பிடிக்கிறது. அதற்குப் பதில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் உள்ள சின்ன யூனிட்டுகளிடம் போய், "உங்களுக்குத் தினமும் தொல்லை தருவது எது?" என்று கேட்போம். ஒரு ஜிக் சரியில்லை என்பார்கள், ஒரு மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது என்பார்கள். அதையே புராஜெக்டாக எடுப்போம். சரியாகச் செய்து கொடுத்தால், நாளைக்கு நாம் தொழில் தொடங்கும்போது முதல் ஆர்டருக்கு யார் கதவைத் தட்டுவது என்ற பயம் இருக்காது. திருச்சிக்காரர்களுக்கு ஒரு பெல் கிடைத்தது. நமக்குப் பத்து சின்ன யூனிட் கிடைத்தால் போதும், ஒற்றைக்காலும் இல்லை.

மூன்றாவதாக, பழைய மாணவர் முகவரி நோட்டு. நம் கல்லூரியில் படித்தவர்கள் இன்று கம்பெனிகளில் சூப்பர்வைசராக, பர்ச்சேஸில், மின்துறையில், பேங்கில் இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்க மட்டும்தான் அவர்களைத் தேடுகிறோம். யாருக்கு என்ன தெரியும், எந்தச் சந்தேகத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே நம் சித்தப்பா, அதுவே நம் பெரியப்பா.

இந்த நோட்டைச் சங்க அறையில் வைக்கச் செயலாளர் அண்ணன் சம்மதித்திருக்கிறார். இந்தப் பருவத்துக்குள் முதல் ஐம்பது பெயரைச் சேர்ப்பது என்று பேசியிருக்கிறோம். தங்களுக்குத் தெரிந்த பழைய மாணவர்களின் பெயர், படித்த பிரிவு, இப்போது செய்யும் வேலை ஆகியவற்றை, அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நண்பர்கள் எழுதித் தர வேண்டுகிறேன். வீட்டில் யாராவது சொந்தமாகப் பட்டறை, தையல், பேக்கரி என்று நடத்திக்கொண்டு இன்னும் உத்யம் பதியாமல் இருந்தால் அவர்களையும் ஆதார் கார்டு, பான் கார்டு, பேங்க் பாஸ்புக் சகிதம் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் இருவர் பதிந்து கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதாரோடு இணைத்த போன் கையில் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.